பத்மாசனி கேட்ட கிடார்கள்

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. வேலூர் டெலிபோன் அலுவலகத்தில் என் கவுண்டருக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"கலாம்மா, நான் சம்பத் பேசறேன். சின்னக் காஞ்சிபுரத்துலேருந்து."

பத்மாசனியின் கணவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் ஒரு தடவைகூட எனக்குத் தொலைபேசியில் பேசியதில்லை. ஆகவே அடுத்த வார்த்தையை அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பத்மா போயிட்டா. கார்த்தால காபி கலந்துண்டிருந்தா. என்னமோ பண்றதுன்னா. அடுப்பை அணைச்சுட்டு வந்து கூடத்துல உட்கார்ந்தா. அவ்வளவுதான்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் என்பதை அவர் இன்னொரு முறையும் சொன்னார். அவளை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. கையில் எடுத்த வேலையை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் அவளிடம் இருந்ததே இல்லை.

நானும் பத்மாசனியும் ஒரே நாளில் காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்களாகச் சேர்ந்தோம். அவள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. சம்பத், பெருமாளுக்கு முன்னால் நின்று பிரபந்தப் பாசுரங்களை ஓதிச் சேவிக்கிற கோஷ்டியில் ஒருவர். நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் அதைத் தவிரப் பொதுவாக ஒன்றும் இல்லை. ஆனாலும் எப்படியோ ஒட்டிக்கொண்டோம்.

காஞ்சிபுரத்தில் அவளுடைய முகத்தைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். சூரத்துக்கும் பெங்களூருக்கும் டிரங்க் கால் போட்ட பட்டு வியாபாரிகள் அந்தக் குரலை நம்பினார்கள். "அந்த பத்மாம்மா இருக்குறப்ப புக் பண்ணா லைன் கிடைச்சிரும்பா" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அவளைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றைத்தான் நான் இங்கே எழுத வேண்டும். நெற்றியில் சிவந்த ஸ்ரீசூர்ணக் கோடும் தலையில் மல்லிகையுமாக வேலைக்கு வந்த அந்தப் பெண், இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நீளமுடிக்காரர்கள் வாசித்த ஹெவி மெட்டல் ஆல்பங்களைத் தன் வாழ்நாளின் பெரிய சந்தோஷங்களில் ஒன்றாக வைத்திருந்தாள்.

அது வந்து சேர்ந்த விதம் இது. தொண்ணூறுகளின் தொடக்கம். கோயில் பார்க்க வந்த ஒரு ஜெர்மனிக்கார இளைஞன் எக்ஸ்சேஞ்சுக்கே நேராக வந்துவிட்டான். அவனுடைய அம்மாவுக்கு ஆபரேஷன். ஊருக்குப் பேச வேண்டும். அன்றைக்கு வெளிநாட்டு லைன்கள் எல்லாம் படுமோசம். கிடைத்த லைனில் கடல் இரைவது மாதிரி ஒரு சத்தம், அதற்குள் எங்கேயோ ஒரு பெண் பேசுகிறாள். இது சரிப்படாது என்று நான் கைவிட்டிருப்பேன். பத்மாசனி கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு, மெட்ராஸ் ஆபரேட்டரிடமும் பம்பாய் ஆபரேட்டரிடமும் மாறி மாறிக் கெஞ்சினாள். சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவன் அம்மாவோடு பேசினான். அவள் கண் விழித்துவிட்டாளாம். பேசி முடித்துவிட்டு அங்கேயே நின்று அழுதான். பிறகு பையைத் துழாவினான். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தன் வாக்மேனுக்குள் இருந்த கேசட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.

அட்டை இல்லை, பெயர் இல்லை. கேசட்டின் மேல் எழுதியிருந்ததும் அழிந்துபோயிருந்தது. மறுநாள் எங்கள் ஓய்வறையில் இருந்த பழைய டேப்ரெக்கார்டரில் போட்டோம். முதலில் ஒற்றைக் கிடார், ஆளில்லாத மண்டபத்தில் யாரோ தனியாக நடப்பது போல மெதுவாக வந்தது. இது பரவாயில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே டிரம்ஸ் விழுந்தது. அதன் பிறகு வந்ததைக் கேட்டு நான் எழுந்து நிறுத்தப் போனேன்.

"டேப்பு சிக்கிக்கிச்சு பத்மா. கேசட்டு போச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருடி. ஒண்ணும் கெட்டுப்போகலை. வேணும்னேதான் அப்படி வாசிக்கறா."

"இந்த இரைச்சலையா?"

"இரைச்சல்னா என்னன்னு நமக்குத் தெரியாதா கலா? தினம் அதைத்தானே காதுல மாட்டிண்டு உட்கார்ந்திருக்கோம். இது அது இல்லை. நன்னா கேளு, உள்ளே ஒருத்தன் எவ்வளவு ஒழுங்கா பாடிண்டிருக்கான் பாரு."

நான் கேட்டேன். எனக்கு ஒழுங்கு எதுவும் அகப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். லைன் கிடைக்கிற நேரத்தில் அவள் முகத்தில் வருகிற அதே தெளிவு அப்போதும் இருந்தது.

கேட்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அவள் வீட்டில் முடியாது. காலையில் சம்பத்திடம் பாடம் சொல்லிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். மற்ற நேரமெல்லாம் அவருடைய அம்மா, படுத்த படுக்கையாக இருந்தவர், கூடத்திலேயே தூங்குவார். ஓய்வறையில் மற்ற ஆபரேட்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் எங்கள் வீடுதான் தோதாக அமைந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் வருவாள். கீழே மூன்று தறி ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் மாடி அறையில் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்காருவோம். முதல் நாள் அவள் பயந்து பயந்து சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தாள். தேநீர் குடிக்க மேலே வந்த என் அப்பா, வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார்: "என்னாம்மா வச்சிக்கினு இருக்கீங்க, கீழ ஒண்ணுமே கேக்கல? தறி சத்தத்துல எதுவும் தெரியாது. நல்லா சத்தமா வைம்மா."

பத்மாசனி சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த ஊரிலேயே சத்தத்தைக் கூட்டச் சொன்ன ஒரே மனிதர் என்று அவள் கடைசிவரை என் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதிய கேசட்டுகள் தாஜுதீன் பாயின் மூலம் வந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குச் சினிமாப் பாட்டு பதிந்து கொடுப்பதுதான் அவர் தொழில். பத்மாசனி போய் ஜெர்மனிக்காரன் கேசட்டைப் போட்டுக் காட்டி, இந்த மாதிரி வேறு கிடைக்குமா என்று கேட்டபோது அவர் அவளையும் கேசட்டையும் மாறி மாறிப் பார்த்தாராம். "மேடம், தமாஷ் பண்லியே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை மெட்ராஸ் போனபோது விசாரித்து இரண்டு ஆல்பம் பதிந்துகொண்டு வந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பதிந்த கேசட்டுகளில் பாய் கிறுக்கியிருந்த ஆங்கிலப் பெயர்களை எங்களால் எழுத்துக்கூட்டவே முடியாது. ஆகவே பத்மாசனி தானாகப் பெயர் வைத்தாள். எனக்குத் தெரிந்தவை அந்தப் பெயர்கள்தான். பாடகர் ஏறின சுருதியிலிருந்து இறங்கவே மறுத்த ஆல்பம் 'மாடிப்படி'. தொடக்கம் முதல் முடிவுவரை யாரோ துரத்துவது போல ஓடின ஆல்பம் 'கோபக்காரர்கள்'. அதை முதலில் கேட்டபோது, "இவாளுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? ரயிலா போயிடப்போறது?" என்றாள். மூன்றாவது சனிக்கிழமை, "அவசரம் இல்லைடி. அத்தனை வேகத்துலயும் ஒருத்தன் இன்னொருத்தன் காலை மிதிக்கலை பாரு" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக அவளுக்குப் பிடித்த ஆல்பத்தின் பெயர் 'சிவப்பு வானம்'. அதன் அசல் அட்டையைப் பாய் மெட்ராஸ் கடையில் பார்த்திருக்கிறார். முழுக்கச் சிவப்பு வானம், கீழே ஒரு சின்ன ஊர் என்று வந்து சொன்னார்.

ஆல்பம் கேட்பதில் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசையாகக் கேட்க வேண்டும். பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் பிடித்ததற்கு ஓட்டக் கூடாது. ஒரு தடவை நான் ஒரு நீளமான பாட்டை ஓட்டப் பொத்தானில் கை வைத்தேன். "கையை எடு. இலையில உட்கார்ந்துண்டு பாயசத்தை மட்டும் வழிச்சுட்டு எழுந்துப்பியோ?" என்று கேட்டாள். அவர்கள் எத்தனை யோசித்து இந்த வரிசையை வைத்திருப்பார்கள், அதைக் கலைக்க நாம் யார் என்பது அவள் கட்சி.

அதே சமயம், யாரையும் இந்தப் பக்கம் இழுக்க அவள் முயன்றதே இல்லை. ஓய்வறையில் ஒருத்தி, "பிசாசு பிடிச்ச மாதிரி கத்துறானுங்க, உனக்கு எப்படித்தான் புடிக்குதோ" என்று கேட்டாள். பத்மாசனி சண்டைக்குப் போகவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. "எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்குப் பிடிக்க வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

வளைகுடாவிலிருந்து வந்த அவளுடைய தங்கை ஒரு வாக்மேன் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு மதிய ஷிஃப்டுக்கு வந்த பத்மாசனி, வந்ததும் வராததுமாக என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"ரெண்டு பேர்டி!"

"யாரு?"

"சிவப்பு வானத்துல கிடார் வாசிக்கறவா. இத்தனை நாள் ஒருத்தர்னே நினைச்சிண்டிருந்தேன். ரெண்டு பேர். ஒருத்தர் இடது காதுல, ஒருத்தர் வலது காதுல. இவர் கேக்கறார், அவர் பதில் சொல்றார். நம்ம டப்பாவுல ஒரே ஸ்பீக்கர். அதனால தெரியவே இல்லை."

அன்று முதல் அவர்கள் எங்களுக்கு இடதுபக்கத்துக்காரர், வலதுபக்கத்துக்காரர் ஆனார்கள். இடதுபக்கத்துக்காரர் முன்கோபி, வலதுபக்கத்துக்காரர் பொறுமைசாலி என்று அவள் முடிவு கட்டினாள். வீட்டில் சமையல் செய்துகொண்டே, மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கேட்க முடிந்தது. சம்பத்துக்கு அதில் சம்மதம் இருந்தது என்று சொல்ல முடியாது. "அந்தச் சத்தம்" என்றுதான் அதை அவர் குறிப்பிடுவார். தடுத்ததில்லை. ஆனால் அவள் இயர்போனை மாட்டிக்கொண்டால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். "நான் எதுவும் தப்புப் பண்றதா அவர் சொல்லலை. ஆனா அப்போ மட்டும் நான் ஆத்துல இல்லாத மாதிரி இருக்கார்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில், ஒரு வைரஸ் காய்ச்சலில் இருந்து எழுந்த பத்மாசனிக்கு வலது காது கேட்கவில்லை. மெட்ராஸில் பார்த்த காது டாக்டர், நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். சம்பத் அவரிடம், "அந்தச் சத்தத்தைக் கேட்டதாலயா?" என்று கேட்டிருக்கிறார். காய்ச்சலில்தான் வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு அவள் சனிக்கிழமைகளில் வரவில்லை. ஒரு தடவை வந்தாள். மாடியில் டேப்ரெக்கார்டரை வைத்தேன். ஒற்றைக் காதுக்குத் தறிச் சத்தமும் பாட்டும் தனித்தனியாகப் பிரியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே மொத்தையாக வந்தது. பத்து நிமிஷத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு போதும் என்றாள். வாக்மேன் இருக்கிறதே என்றேன்.

"கேட்டேன்டி. வலதுபக்கத்துக்காரர் போயிட்டார். இடதுபக்கத்துக்காரர் மட்டும் கேள்வி கேட்டுண்டே நிக்கறார். யாரும் பதில் சொல்லலை. என்னால கேக்க முடியலை."

கேசட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. எக்ஸ்சேஞ்சில் இடது காதுக்கு ஹெட்செட்டை மாற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். எப்போதும்போலப் பேசினாள். ஆனால் லைன் கிடைக்கும்போது அவள் முகத்தில் வருகிற அந்தத் தெளிவு மட்டும் வரவில்லை.

ஒரு நாள் சம்பத் எக்ஸ்சேஞ்சு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். வெயிலில் நின்றுகொண்டே கேட்டார்.

"கலாம்மா, அவ சனிக்கிழமை உங்காத்துக்கு வரதில்லையே, ஏன்? என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. பரண்ல எடுத்து வச்சுட்டா எல்லாத்தையும்."

நான் இரண்டு கிடார்களின் கதையைச் சொன்னேன். அவருக்குப் புரியுமா என்று சந்தேகத்தோடுதான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

"கோஷ்டியில நாங்க ரெண்டு வரிசையா நின்னு சேவிப்போம். ஒரு வரிசை விட்ட இடத்துல எதிர் வரிசை எடுக்கணும். எதிர் வரிசை கேக்கலைன்னா நின்னுண்டிருக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம் அவ" என்றார். சற்றுப் பொறுத்து அவரே, "நான் எங்கே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர் தாஜுதீன் பாய். காலைக் கோயில் கைங்கரியம் முடிந்து, நெற்றியில் திருமண் காப்பு கலையாமல், மஞ்சள் பையோடு சம்பத் அவர் கடைக்குள் நுழைந்திருக்கிறார். ரெண்டு பக்கத்து வாத்தியத்தையும் ஒரே பக்கத்தில் கேட்கிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"மொதல்ல இயர்போன் ஒயரையே சேத்துப் பாத்தேன் மேடம். சவுண்டு செத்துப்போவுது. அப்புறம் சொன்னேன், சாமி, ஒவ்வொரு கேசட்டையும் திரும்பப் பதியணும், ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா கலந்து வுடணும், ஒரு பக்கம் தூக்கலா போயிட்டா இன்னொண்ணு அமுங்கிடும், பக்கத்துல உக்காந்து ஒருத்தர் கேட்டுக்கினே இருக்கணும், எனக்குக் கடையில ஆளு இல்லன்னு. அதுக்கு அவரு, நான் உக்காந்துக்கறேன்னுட்டாரு."

அப்படித்தான் உட்கார்ந்தார். தினமும் மத்தியானம். பாய் ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டி, "ரெண்டு பேரும் சமமா கேக்குதா சாமி?" என்று கேட்பார். சம்பத் கண்ணை மூடிக்கொண்டு, "இடது ஆள் கொஞ்சம் ஒசத்தியா இருக்கார், தழைச்சுக்கோங்கோ" என்பார். வெளியே கடைத்தெருவில் கூட்டம் போகும். ஸ்பீக்கரில் கோபக்காரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர் தெருக்காரர்கள் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சு கிளம்பியது. கோஷ்டியில் மூத்தவர் ஒருவர் கடைக்கே வந்து நேராகக் கேட்டுவிட்டார்: "என்ன சம்பத், இங்கே வந்து உட்கார்ந்துண்டு என்னத்தைக் கேட்டுண்டிருக்கீர்?"

சம்பத் சொன்ன பதிலைப் பாய் தன் காதால் கேட்டிருக்கிறார். "என் ஆம்படையாளுக்கு ஒரு காது போயிடுத்து. அதுக்கு என்ன பண்ண முடியுமோ அதைப் பண்ணிண்டிருக்கேன்."

அதன் பிறகு அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பதிவு வேலை முடிந்ததும் சம்பத் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். பத்மாசனிக்கு எதுவும் தெரியாது. அவருடைய அம்மா கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மூவரும் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தோம். வாக்மேனில் புதிதாகப் பதிந்த சிவப்பு வானத்தைப் போட்டு, இயர்போனை அவர் கையாலேயே அவளுடைய இடது காதில் வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு உதடு லேசாகப் பிரிந்தது. பிறகு கை தானாக எழுந்து வலது காதைத் தொட்டுப் பார்த்தது.

"வந்துட்டார்" என்றாள்.

கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, துடைக்காமல், கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டாள். சம்பத் எழுந்து வாசலுக்குப் போகவில்லை. முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாம் நன்னாதான் இருக்கு. அந்த நாலாவது மட்டும் கொஞ்சம் நீளம்."

அவள் இயர்போனைக் கழற்றினாள். "நாலாவதா? அதை எடுத்துட்டா அஞ்சாவது எதுக்கு வரதுன்னே தெரியாதே!"

"தெரியாட்டா என்ன? அதே சமாசாரத்தைத்தானே திரும்பத் திரும்ப வாசிக்கறா?"

"திரும்பத் திரும்ப இல்லை. மூணாவது தடவை வலதுபக்கத்துக்காரர் மாத்தறார், கவனிச்சேளா?"

"கவனிச்சேன். அதை ரெண்டாவது தடவையே மாத்தியிருக்கலாம்."

கூடத்தில் மாமியார், "என்னடா அங்கே சத்தம்?" என்றார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. அந்தப் பேச்சு அதற்குப் பிறகு பல வருடங்கள் நடந்தது என்பது அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். சம்பத் ஹெவி மெட்டல் ரசிகராக மாறவில்லை. அவருக்குப் பாதிக்கு மேல் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று அவளிடம் விவரமாகச் சொல்வார். அதைவிட வேறென்ன வேண்டும் என்று பத்மாசனி சொல்வாள்.

பெங்களூர் போனதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு, சிவப்பு வானத்தை வாசித்தவர்களே அங்கே கச்சேரிக்கு வருகிறார்கள் என்று பாய் செய்தி கொண்டுவந்தார். பத்மாசனியும் சம்பத்தும் நானும் ரயிலேறிப் போனோம், புளியோதரை கட்டிக்கொண்டு. மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். காதுக்காக நாங்கள் வெகு பின்னால் புல்தரையில் உட்கார்ந்தோம். மேடையில் அவர்களைக் கண்டதும் பத்மாசனி எழுந்து நின்று கும்பிட்டாள். முதல் இரண்டு பாட்டு முடிந்ததும் அவள் முகம் மாறிற்று.

"மூணாவதை விட்டுட்டு ஆறாவதுக்குப் போறாரே" என்றாள். பிறகு பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பாடச் சொன்னார். "இத்தனை தூரம் வந்தது இவா பாடறதைக் கேக்கறதுக்கா?" என்றாள். முடிந்து வெளியே வந்தபோது நான் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரெண்டு பேரையும் கண்ணால பார்த்தாச்சு. முன்கோபி நிஜமாவே முன்கோபிதான். ஆனா ஆல்பம்தான்டி கச்சேரி. இது அதோட சொந்தக்காரா வந்துட்டுப் போன மாதிரி" என்றாள். இரண்டு பேரை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த சந்தோஷத்திலும் தன் அபிப்பிராயத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் போர்டுகளை எடுத்துவிட்டார்கள். நான் மாற்றலாகி வேலூர் வந்தேன். அவள் காஞ்சிபுரத்திலேயே புகார் பிரிவில் இருந்தாள். லீவில் போகும்போதெல்லாம் கேசட்டின் ஒரு பக்கமாவது கேட்டுவிட்டுத்தான் பிரிவோம். கடைசியாக ஆடியில் போயிருந்தேன். இதில் அப்படி என்னதான் இருக்கிறது, இப்போதாவது சொல் என்று கேட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே யோசித்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியலைடி. கேட்டுட்டு எழுந்தா தைரியமா இருக்கு. அடுத்த வேலையைப் பார்க்கலாம்னு தோணறது. போறாதா?"

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் காஞ்சிபுரம் போனேன். சம்பத் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கேசட்டுகளை நான் எடுத்துப்போகலாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நாலாவதைப் பத்திச் சண்டை போட ஆள் இல்லை" என்றார். கிளம்பும்போது அவரே உள்ளே போய், பாய் ஒன்றாகக் கலந்து பதிவதற்கு முன்பிருந்த பழைய சிவப்பு வானத்தை, இரண்டு காதுக்குமான முதல் பதிவை, கொண்டுவந்து கொடுத்தார். "இது இங்கே இருந்து பிரயோஜனம் இல்லை. உங்களுக்கு ரெண்டு காதும் கேக்கறதோல்லியோ" என்றார்.

நண்பர்களே, அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அத்தனை சனிக்கிழமைகளிலும் நான் பாட்டைக் கேட்கவே இல்லை. அவள் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி தனக்குப் பிடித்ததை வெட்கமில்லாமல், பெருமையடிக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் அனுபவிக்கிறபோது முகம் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என்னிடம் இருக்கிறது. போன வாரம் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் எதிரே பார்த்தேன். பார்ப்பதற்கு யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். அப்போதுதான் கேட்டது: இடதுபக்கம் ஒருவர் அவசரமாக எதையோ கேட்கிறார். வலதுபக்கத்தில் இன்னொருவர், நிதானமாகப் பதில் சொல்கிறார்.

ரெண்டு பேர்டி பத்மா.